பெண் இயக்குநர்கள் வந்தால் கம்பெனி லாபம் கூடுமா?

சில மாதங்களுக்கு முன் எழுதிய ஒரு பதிவில், "இயக்குநர் குழுவில் பெண்கள் அதிகம் இருக்கும் கம்பெனிகள் கூடுதல் லாபம் சம்பாதிக்கின்றன என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒருவர் மெயிலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "யார் நிரூபித்தார்கள், எப்படி?" பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, எனக்கே தெரியாது. எங்கேயோ படித்தது, எல்லோரும் சொல்வது, மனசுக்குப் பிடித்தும் இருந்தது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு போனது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதிய வரி தப்பு. அதற்கு நேர் எதிரான வரியும் தப்பு. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே குறித்துவைக்கிறேன். நான் பொருளாதாரம் படித்த ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

இயக்குநர் குழு என்ன செய்கிறது?

ஓர் அப்பார்ட்மெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டிக்கு ஆள் போடுவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் மேனேஜர் பாடு. சங்கத்தின் கமிட்டி அவ்வப்போது கூடிக் கணக்குப் பார்க்கும், மேனேஜரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யும், பெயிண்ட் அடிக்கிற மாதிரி பெரிய செலவுக்கு ஒப்புதல் தரும். கம்பெனியில் இயக்குநர் குழு, நாம் பேச்சுவழக்கில் சொல்லும் 'போர்டு', கிட்டத்தட்ட அந்தக் கமிட்டி மாதிரி. தலைமை நிர்வாகியை நியமிப்பது, நீக்குவது, அவர் சம்பளத்தைத் தீர்மானிப்பது, கணக்குகளை அங்கீகரிப்பது, இன்னொரு கம்பெனியை வாங்கலாமா என்று முடிவு செய்வது எல்லாம் அதன் பொறுப்பு.

இந்தியாவில் சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது 4 முறை போர்டு கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. பல கம்பெனிகள் ஐந்தாறு முறை கூடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். பத்துப் பேர் உட்காரும் மேஜையில் ஒரு பெண் புதிதாக வருகிறார். வருஷத்துக்கு ஆறு நாள் கூட்டம். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கம்பெனியின் லாபத்தை எத்தனை சதவீதம் அசைத்துவிட முடியும்? மூலப்பொருள் விலை, டாலர் மதிப்பு, வட்டி, போட்டியாளர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் லாபத்தைப் புரட்டிப் போடுகின்றன. அவற்றுக்கு நடுவே ஓர் இயக்குநரின் பங்கு இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஆண் இயக்குநருக்கும் இதே கதிதான்.

இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

53 சதவீதம் எங்கிருந்து வந்தது?

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க அதிகம் சுற்றிய எண்களில் ஒன்று 53. அமெரிக்காவின் கேட்டலிஸ்ட் என்ற அமைப்பு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பார்ச்சூன் 500 பட்டியலில் இருந்த கம்பெனிகளைப் பெண் இயக்குநர்களின் விகிதப்படி வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தார்கள். பெண்கள் அதிகமாக உள்ள முதல் கால் பகுதியையும் குறைவாக உள்ள கடைசிக் கால் பகுதியையும் ஒப்பிட்டார்கள். பங்கு மூலதனத்தின் மீதான லாப விகிதம் முதல் பகுதிக்கு 53 சதவீதம் அதிகமாக இருந்தது. விற்பனை மீதான லாபம் 42 சதவீதம் அதிகம்.

எண்கள் பொய் இல்லை. ஆனால் அவை சொல்வது இவ்வளவுதான்: இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றால் இன்னொன்று வந்தது என்று அவை சொல்லவில்லை. கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பில் வந்தால், பிள்ளைக்கு மார்க் வரட்டும் என்று யாராவது கார் வாங்குவார்களா? வீட்டில் வசதி இருக்கிறது, அதனால் காரும் இருக்கிறது, டியூஷனும் இருக்கிறது. கம்பெனிகளும் அப்படியே. பெரிய, பழைய, நன்றாக ஓடும் கம்பெனிகள் மீது ஊர்க் கண் இருக்கும். பத்திரிகைகள் கேள்வி கேட்கும், பெரிய முதலீட்டாளர்கள் கேட்பார்கள். அவை பெண் இயக்குநர்களைத் தேடிப் பிடிக்கும். நல்ல வாய்ப்புகள் வரும் பெண்களும் தடுமாறும் கம்பெனியைவிட நன்றாக ஓடும் கம்பெனியைத்தானே தேர்ந்தெடுப்பார்கள்? லாபம் முதலில் வந்ததா, பெண் இயக்குநர் முதலில் வந்தாரா என்று அந்த 53ஐப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இதே தவறு, மறுபக்கத்திலிருந்து

இதே தவறை எதிர்த்திசையிலும் செய்திருக்கிறார்கள். 2003 நவம்பரில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் ஒரு கட்டுரை போட்டது. பிரிட்டனின் பெரிய கம்பெனிகளில், போர்டில் பெண்கள் இருக்கும் கம்பெனிகளின் பங்கு விலை மோசமாக இருக்கிறது, ஆகவே பெண்கள் வந்ததால் பாதிப்பு என்ற தொனியில் எழுதப்பட்ட கட்டுரை.

எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் இருந்த மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைப் படித்துவிட்டு, அதே கம்பெனிகளின் பங்கு விலையைத் தேதி வாரியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் கதை தலைகீழானது. சந்தை சரிந்திருந்த காலத்தில் பெண்களை நியமித்த கம்பெனிகள், அந்த நியமனத்துக்கு முந்தைய ஐந்து மாதங்களிலேயே தொடர்ந்து மோசமாக ஓடிக்கொண்டிருந்தன. அதாவது பெண் வந்ததால் சரியவில்லை. சரிந்துகொண்டிருந்ததால் பெண்ணைக் கூப்பிட்டார்கள். இதற்கு அவர்கள் 'கண்ணாடிப் பாறைமுனை' என்று பெயர் வைத்தார்கள். மேலே ஏறவிடாமல் தடுக்கும் கண்ணாடிக் கூரையைத் தாண்டி ஒரு பெண் வந்தால், அவருக்குக் கிடைக்கும் இடம் சில சமயம் பாறையின் விளிம்பாக இருக்கிறது. விழுந்தால் பழி அவர் மேல்.

இதைப் படித்தபோது நம் வீடுகளில் சொல்வது ஞாபகம் வந்தது. மருமகள் வந்த நேரம் சரியில்லை என்பார்கள். கடன் அவள் வருவதற்கு முன்பே இருந்திருக்கும்.

ஆக, லாபமான கம்பெனி பெண்களை அழைத்தாலும் குழப்பம், நஷ்டமான கம்பெனி அழைத்தாலும் குழப்பம். கம்பெனிகள் தாமாக விரும்பிச் செய்யும் நியமனங்களை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டம். எல்லாக் கம்பெனிகளையும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரே நேரத்தில் யாராவது கட்டாயப்படுத்தினால்தான் ஏதாவது தெரியும்.

நார்வே அதைச் செய்தது.

நார்வேயின் 40 சதவீதம்

2002 பிப்ரவரியில் நார்வேயின் வர்த்தக, தொழில் அமைச்சர் அன்ஸ்கார் கப்ரியேல்சன் 'வெகே' என்ற நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். கம்பெனி போர்டுகளில் 40 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் வரும் என்றார். இவர் இடதுசாரி இல்லை, பெண்ணிய இயக்கத்திலிருந்து வந்தவரும் இல்லை. வலதுசாரிக் கட்சிக்காரர். அவர் சொந்த அரசாங்கத்துக்கே அது அதிர்ச்சி.

சட்டம் 2003 இறுதியில் நிறைவேறியது. முதலில் கம்பெனிகள் தாமாகச் செய்யட்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள். எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. 2006 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கி, 2008 ஜனவரி 1 வரை கெடு வைத்தார்கள். கெடு தாண்டினால் தண்டனை அபராதம் இல்லை. கம்பெனியையே கலைத்துவிடலாம்! 2003இல் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்த பெண்களின் பங்கு 2008இல் 40ஐத் தொட்டது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். கம்பெனி தானாக முடிவு செய்யவில்லை, சட்டம் செய்ய வைத்தது. சட்டத்துக்கு முன்பே பெண்கள் ஓரளவு இருந்த கம்பெனிகள் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. ஒருவர்கூட இல்லாத கம்பெனிகள் தலைகீழாக மாற வேண்டியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் இல்லையா?

கென்னத் அஹர்ன், ஏமி டிட்மார் இருவரும் அப்படித்தான் ஒப்பிட்டார்கள். 2012இல் வந்த அவர்களுடைய ஆய்வின் முடிவு கடுமையானது. அறிவிப்பு வந்தபோது பெண்களே இல்லாத கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. அடுத்து வந்த வருஷங்களில் 'டோபின்ஸ் க்யூ' என்ற அளவும் விழுந்தது.

அந்த அளவு என்னவென்று ஒரு டீக்கடையை வைத்துச் சொல்கிறேன். பாய்லர், பெஞ்சு, பாத்திரம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் பெறும். ஆனால் கடையை அப்படியே கைமாற்றினால் மூன்று லட்சம் தர ஆள் இருக்கிறது. மூன்றை இரண்டால் வகுத்தால் 1.5. இதுதான் க்யூ. அந்தக் கூடுதல் அரை, இந்த ஆள் கடையை நன்றாக நடத்துவார் என்ற நம்பிக்கைக்கான விலை. போர்டில் பெண்களின் பங்கு 10 சதவீதம் கூடியபோது க்யூ 12.4 சதவீதம் குறைந்தது என்பது அவர்களுடைய கணக்கு. காரணமாக அவர்கள் சொன்னது, புதிதாக வந்தவர்கள் வயதில் இளையவர்கள், பெரிய பதவிகளை வகித்த அனுபவம் குறைவு. அவசரமாக நிரப்ப வேண்டியிருந்ததால் வந்த வினை என்பது அவர்கள் வாதம். பெண்கள் என்பதால் விழுந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் தலைப்புச் செய்திகளில் இந்த நுணுக்கம் எங்கே வரும்?

பல வருஷம் இதுதான் கடைசி வார்த்தை மாதிரி இருந்தது. பிறகு எஸ்பென் எக்போ, க்னுட் நிகார்ட், கரின் தோர்பர்ன் மூவரும் அதே நார்வே, அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய ஆய்வு 2022இல் வந்தது. அதில் ஒரு முக்கியமான வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நாளில் ஒரே பங்குச்சந்தையில் பங்குகள் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒரு மழைக்குத் தெருவில் நூறு கூரை ஒழுகினால் நூறு மழை பெய்தது என்று எண்ணக்கூடாது. நூறு கம்பெனிகளின் விலை ஒரே நாளில் இறங்கியதை நூறு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், தற்செயலான இறக்கம்கூடப் பெரிய ஆதாரம் போலத் தெரியும். அதைச் சரிசெய்து பார்த்தால், சட்டத்தால் பங்கு விலைக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டம் ஒரு குறிப்பிட்ட வகைக் கம்பெனிக்கு, அதாவது நம் ஊர் பப்ளிக் லிமிடெட் மாதிரியானவற்றுக்கு, மட்டும்தான். சட்டம் பிடிக்காதவர்கள் பிரைவேட் லிமிடெட் போன்ற இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடலாம். இதை ஆராய்ந்த ஓய்விண்ட் பேரன், சிவ் ஸ்டாவ்போ இருவரும் சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகளில் பாதி அப்படி வெளியேறிவிட்டன என்று காட்டினார்கள். பரீட்சையில் பாதிப் பேர் ஹாலை விட்டு எழுந்து போய்விட்டால், மிச்சமுள்ளவர்களின் சராசரியை வைத்து என்ன சொல்வது? போதாததற்கு, கெடு முடிந்த அதே 2008இல்தான் லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகச் சந்தைகளே சரிந்தன.

லாபம் குறைந்தது என்றால் யாருக்குக் குறைந்தது?

நார்வேயை வைத்து வந்த இன்னொரு ஆய்வு என்னை வேறு திசையில் யோசிக்க வைத்தது. டேவிட் மாட்சா, அமாலியா மில்லர் இருவரும் 2013இல் வெளியிட்டது. சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகளை, உட்படாத நார்வே கம்பெனிகளுடனும் பக்கத்து நார்டிக் நாடுகளின் கம்பெனிகளுடனும் ஒப்பிட்டார்கள். சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனிகளில் குறுகிய கால லாபம் குறைந்திருந்தது. ஏன் என்று தோண்டினால், அந்தக் கம்பெனிகள் ஆட்குறைப்பைக் குறைவாகச் செய்திருந்தன. சம்பளச் செலவு குறையவில்லை, அதனால் லாபம் குறைந்தது.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? பங்குதாரரின் நோட்டில் நஷ்டம். வேலை தப்பியவரின் வீட்டில் அது நஷ்டமா? ஆளை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டது நாளைக்கு நல்லதாகவே முடியலாம், முடியாமலும் போகலாம். 'பெர்ஃபார்மன்ஸ்' என்று நாம் சொல்கிற வார்த்தைக்குள்ளேயே யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பது ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆதரவாளர்கள் எதிர்பார்த்த இன்னொரு பலனும் சரியாக வரவில்லை. மேலே பெண்கள் போனால் கீழே இருக்கும் பெண்களுக்கும் வழி திறக்கும் என்று சொன்னார்கள். மரியான் பெர்ட்ராண்டும் மூன்று சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரிசோதித்தது. சட்டத்துக்குப் பிறகு போர்டுக்கு வந்த பெண்கள், முன்பு இருந்த பெண் இயக்குநர்களைவிட அதிகத் தகுதி உள்ளவர்களாக இருந்தார்கள். தகுதியான பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற புலம்பல் அதோடு போச்சு. ஆனால் அதே கம்பெனிகளில் கீழ்ப் படிகளில் வேலை பார்த்த பெண்களின் சம்பளமோ உயர்வோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறவில்லை. மேல்தொட்டி நிறைந்தது, கீழ்க் குழாயில் தண்ணீர் வரவில்லை.

கூட்டத்துக்குள் என்ன மாறுகிறது?

லாபத்தை விட்டுவிட்டுப் போர்டின் நேரடி வேலையைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவான சித்திரம் கிடைக்கிறது. ரெனே ஆடம்ஸ், டேனியல் ஃபெரேரா இருவரும் அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு ஆண்களைவிட ஒழுங்காக வருகிறார்கள். பெண்கள் அதிகமுள்ள போர்டுகளில் ஆண்களும் மட்டம் போடுவது குறைகிறது. தணிக்கை போன்ற கண்காணிப்புக் குழுக்களில் பெண்கள் இடம்பெறும் வாய்ப்பு அதிகம். பங்கு விலை மோசமானால் தலைமை நிர்வாகியின் நாற்காலி ஆட்டம் காண்பதும் அங்கே கூடுகிறது.

சரி, லாபம்? சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம் எதிர்மறை. ஏற்கெனவே நல்ல மேற்பார்வை உள்ள கம்பெனியில் இன்னும் மேற்பார்வை கூடினால் அது நச்சரிப்பாகிவிடும். பங்குதாரர்களின் பிடி தளர்ந்து, நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு ஓடும் கம்பெனிகளில் பலன் நேர்மறையாக இருந்தது. மருந்து எல்லோருக்கும் ஒன்றல்ல என்கிற மாதிரி.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கோரின் போஸ்ட், கிரிஸ் பைரன் இருவரும் 2015இல் 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கணக்குப் புத்தக லாபத்துடன் மிகச் சிறிய நேர்மறைத் தொடர்பு. பங்குச்சந்தை மதிப்புடன் கிட்டத்தட்ட எதுவுமில்லை. அதே வருஷம் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 3,000க்கும் அதிகமான கம்பெனிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து, தொடர்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றது.

பூஜ்யம் என்றால் ஏமாற்றம் மாதிரி தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. வருஷத்துக்கு ஆறு நாள் கூட்டம் என்ற ஆரம்பக் கணக்கை நினைத்துப் பார்த்தால் வேறு என்ன வந்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

நம் ஊர்க் கதை

இந்தியாவில் 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டம்தான் இதைக் கொண்டுவந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியிலும், செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடி ரூபாயை எட்டிய மற்ற பப்ளிக் கம்பெனிகளிலும், குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்க வேண்டும். பட்டியலிட்ட கம்பெனிகளுக்குச் செபி 2014 அக்டோபர் வரை கெடு கொடுத்தது, பிறகு 2015 ஏப்ரல் 1க்குத் தள்ளியது. கெடு தாண்டி மூன்று மாதத்துக்குள் நியமித்தால் அபராதம் 50,000 ரூபாய். நார்வேயில் கம்பெனியைக் கலைப்பேன் என்றார்கள். இங்கே ஒரு போர்டு மீட்டிங்கின் ஹோட்டல் பில்லுக்குப் பக்கத்தில்கூட அந்தத் தொகை வராது. கெடு நெருங்கியபோது என்ன நடந்தது என்று பழைய செய்திகளைப் புரட்டினால் தெரியும். கடைசி வாரங்களில் ஓட்டம். நிறைய கம்பெனிகளில் புரமோட்டரின் மனைவி, மகள், மருமகள் என்று குடும்பத்துக்குள்ளேயே நியமனம்.

குடும்பத்துப் பெண் என்றாலே பொம்மை என்று சொல்வதும் நியாயமில்லை. சென்னையிலேயே டாஃபேயின் மல்லிகா சீனிவாசன், அப்போலோவின் ப்ரீதா ரெட்டி, சுனீதா ரெட்டி எல்லோரும் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நிர்வாகத்தை நடத்திக்கொண்டிருந்தவர்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. புரமோட்டர் எடுக்கும் முடிவைக் கேள்வி கேட்கத்தான் வெளியாள் ஒருவர் அங்கே உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் புரமோட்டரின் வீட்டு ஆளே உட்கார்ந்தால் சட்டத்தின் எழுத்து நிறைவேறும், காரியம் நடக்காது.

உதய் கோட்டக் தலைமையிலான குழு 2017இல் இதைத்தான் சுட்டிக்காட்டி, சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்றது. செபி அதை ஏற்று, சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமாக்கியது. சுயேச்சை என்றால் புரமோட்டரின் உறவாக இருக்கக்கூடாது, கம்பெனியோடு பண உறவும் இருக்கக்கூடாது.

இதற்கு மறுமுனையில் சென்னையில் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. முருகப்பா குழுமத்தின் தலைவராக இருந்த எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள். குழுமத்தின் முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு 8 சதவீதத்துக்கு மேல் பங்கு. மூத்த மகள் வள்ளி அருணாசலம், அணுசக்திப் பொறியியல் படித்தவர், போர்டில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஓட்டு அவருக்கு எதிராக விழுந்தது. பெண் என்பதால்தான் இடம் மறுக்கப்படுகிறது என்பது அவர் தரப்பு வாதம். விவகாரம் தீர்ப்பாயம் வரை போய், 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசமாக முடிந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தகராறில் அவர் போர்டுக்கு வந்தால் லாபம் எத்தனை சதவீதம் கூடும் என்பது விவகாரமே இல்லை. போர்டு நாற்காலி என்பது அதிகாரம். யாருக்கு என்ன சொல்ல உரிமை என்பதுதான் கேள்வி. லாபக் கணக்கு நாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

லாபத்தைக் காரணமாகக் காட்டலாமா?

என்னுடைய பழைய வரி ஏன் தப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்று இப்போது நினைக்கிறேன். "பெண்களை எடுங்கள், லாபம் கூடும்" என்று சொல்லி இடம் கேட்டால், நாளைக்கு ஒருவர் அஹர்ன், டிட்மார் ஆய்வை எடுத்துக்கொண்டு வந்து, "கூடவில்லையே, அப்போ எழுந்திருங்கள்" என்பார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஆண் இயக்குநர்கள் லாபத்தைக் கூட்டுகிறார்களா என்று யாரும் ஆய்வு செய்து நிரூபித்த பிறகு அவர்களை உட்கார வைக்கவில்லை. ஒரு தரப்புக்கு மட்டும் நுழைவுத் தேர்வு வைக்கிற வேலை இது. அந்தத் தேர்வை நல்லெண்ணத்தோடு ஏற்பாடு செய்து கொடுத்ததும் என் மாதிரி ஆட்கள்தான்.

எதிர்த்தரப்பும் இதே ஆதாரங்களைப் பார்க்க வேண்டும். பெண்களைக் கட்டாயமாகச் சேர்த்தால் கம்பெனிகள் நாசமாகும் என்றார்கள். நார்வேயில் 40 சதவீதம் என்று கட்டாயப்படுத்தியும் அப்படி ஒரு நாசம் நடந்ததற்கு உறுதியான ஆதாரம் நிற்கவில்லை. பலன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் பயமும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். லாபம் இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்றான பிறகு, மிஞ்சுவது எளிமையான கேள்வி: பல கோடிப் பேரின் வேலை, சேமிப்பு, பென்ஷன் பணத்தைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும் அறைக்குள் பாதி ஜனங்களை ஏன் விடாமல் வைத்திருக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல ரெக்ரஷன் தேவையில்லை.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கம்பெனியின் ஆண்டறிக்கையில் 'கார்ப்பரேட் கவர்னன்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். பெண் இயக்குநர் இருக்கிறாரா என்பதோடு நிறுத்த வேண்டாம். அவர் சுயேச்சையானவரா? எத்தனை கூட்டத்துக்கு வந்தார்? தணிக்கைக் குழுவில் இருக்கிறாரா? அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி, கணக்கு வழக்கு அங்கேதான் கிளறப்படும். இன்னும் எத்தனை கம்பெனிகளில் இயக்குநராக இருக்கிறார்? பட்டியலிட்ட கம்பெனிகள் ஏழுக்கு மேல் கூடாது என்பது செபியின் வரம்பு. ஆறேழு இடத்தில் இருப்பவர் எங்கே முழுசாகப் படித்துவிட்டு வரப்போகிறார்? இதே நாலு கேள்விகளைப் பக்கத்து வரியில் இருக்கும் ஆண் இயக்குநர்களுக்கும் கேளுங்கள். நான் கையில் இருந்த இரண்டு அறிக்கைகளில் கேட்டுப் பார்த்தேன். சுவாரசியமான விடைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிடைத்தன.

அந்தப் பழைய பதிவில் வரியை மாற்றிவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: "பெண் இயக்குநர்களால் கம்பெனி லாபம் கூடுகிறது என்பதற்கும் குறைகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை, கண்காணிப்பு கூடுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு." படிக்க அவ்வளவு எடுப்பாக இல்லை. மெயில் அனுப்பியவருக்கும் இதையே பதிலாக அனுப்பியிருக்கிறேன், இரண்டு மாதம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு.